கடல் கண்ட மாப்பிள்ளை

"சுறா எந்தப் பக்கமா வந்துச்சு, தம்பி?"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை ஜெய்னுலாப்தீன் இப்படிக் கேட்பார் என்று தெரிந்துதான் ராஜபாளையத்து ஹுமாயூன் பெண் கேட்க வந்திருந்தான். கடல் கடந்தவனுக்குத்தான் தன் மகள் ஆரிபா என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். அவர் பினாங்கு போய்வந்தவர் என்று ஊரே சொல்லும். நடுக்கடலில் மீனை மீன் துரத்திய கதையை அவர் ஆரம்பித்தால், துண்டு வாங்க வந்தவன் வேட்டியும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான்.

ரங்கூன் போய்வந்ததாகச் சொல்லியிருந்த ஹுமாயூனோ சாத்தூரைத் தாண்டியதில்லை. அவன் கண்ட கடலெல்லாம், பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க ஏலத்தில் எடுத்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு வர்ணப் படம். துரத்துவது, ஓடுவது அத்தனையையும் ஒரே அலைக்குள் அடைத்து வரைந்திருந்தான் வெள்ளைக்காரன். கருவாடு விற்பவரிடம் பெயர்களைக் கேட்டு, ஆரிபாவுக்காகப் படத்தை மனப்பாடம் செய்திருந்தான் ஹுமாயூன்.

கண்ணை மூடிப் படத்தைப் பார்த்தான்.

"வலது பக்கம், மாமு. சூரை மீனை விரட்டிக்கிட்டு வந்துச்சு. சூரைக்குப் பயந்து பறக்குற மீனு மேல எம்புச்சு. எம்புனதைப் பறவை கொத்திட்டுப் போயிருச்சு."

சாட்சிக்கு உட்கார்ந்திருந்த ஜமாத்துப் பெரியவர்கள் ஜெய்னுலாப்தீனைப் பார்த்தார்கள். அவர் கதையிலும் அப்படியேதான் வரும். கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு அடங்கியது.

அதெப்படி இம்புட்டும் ஒரே நேரத்தில் கண்ணில் படும் என்று ஒரு பெரியவர் கிளப்பினார். கடலில் அப்படித்தான் என்று ஜெய்னுலாப்தீனே அவரை அடக்கினார். பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடியில கணவாய் மீனு ஒண்ணு ஓடியிருக்குமே?"

"ஓடுச்சு, மாமு."

"அது யாருக்குப் பயந்து ஓடுச்சு?"

இந்தக் கேள்விக்காகவே தன்னை வர விட்டாரோ என்றிருந்தது அவனுக்கு. இதில் சறுக்கினால் ஆரிபா வேறு வீட்டுக்குப் போய்விடுவாள்.

"திமிங்கலத்துக்கு. பொட்டி மாதிரி மண்டை. கீழ்த்தாடையில மட்டும் பல்லு."

ஜெய்னுலாப்தீன் உள்ளே பார்த்து, நிச்சயத்துக்குச் சீனி கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடி அள்ளி ஹுமாயூன் வாயில் போட்டார். பெரியவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கிடையே மாப்பிள்ளையைக் கட்டித் தழுவிய ஜெய்னுலாப்தீன், அவன் காதோரம் குனிந்தார்.

"திமிங்கலமா? நல்லவேளை சொன்னீக, மாப்ளே. எம் படத்துல அந்த மூலையைக் கரையான் தின்னுருச்சு."