நானூத்தி எம்பது

"அண்ணி, நீங்க வீடியோவ நெட்ல ஏத்துறீங்களா, இல்ல துவைச்சுக் காயப்போடுறீங்களா?"

கொழுந்தன்காரன் போனோட சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னான். பகல்ல லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். சாயங்காலமானா கம்ப்யூட்டர்ல கோட்டை பிடிக்கிற கேம் விளையாடி, அத வீடியோவாப் போடுறவன். சேனல் பேரு ஒத்தப்புலி.

ஒவ்வொரு வீடியோவும் ஒரே சவடால்ல தான் ஆரம்பிக்கும்: "யாரு உதவியும் கிடையாது, எதையும் பாத்துக் காப்பியடிக்கல, ஒத்தை ஆளா இறங்குறேன்!"

புலி உறுமுறதோட சரி. வெட்டி, ஒட்டி, சைஸ் பாத்து ஏத்துறதெல்லாம் அண்ணி. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறவ. எலும்புல மயிரிழை விரிசல் இருந்தாலும் டாக்டருக்கு முன்னாடி அவ கண்ணுல மாட்டும்.

"என்னப்பா ஆச்சு?"

"கமெண்ட்டப் பாருங்க. 'கொசுவலைக்குள்ள உக்காந்து எடுத்தீங்களா'ங்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன் கண் டாக்டர் நம்பரே அனுப்பியிருக்கான். நான் ஆயிரத்து நானூத்தி நாப்பதுல பளபளன்னு எடுத்துக் குடுக்குறேன். நீங்க அத நானூத்தி எம்பதுக்குச் சுருக்கி, மங்கலாக்கி ஏத்துறீங்க. ஏன்?"

அண்ணி வெங்காயத்த விட்டுக் கண்ண எடுக்கல. "பெரிய சைஸ்ல போட்டா கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குதுப்பா."

"வாங்கினா விசிறி விடுங்க."

"ஏறுறதுக்கும் ரொம்ப நேரம் ஆகுது."

"மெதுவா ஏறட்டும். அது என்ன லிஃப்ட்டா, பாதியில நிக்கிறதுக்கு? நின்னாலும் தான் நான் இருக்கேனே!"

"சரி, ஒண்ணு பண்ணலாம். கேம் பளிச்சுன்னு இருக்கட்டும். மூலையில உன் மூஞ்சி வருதுல்ல, அத மட்டும் பொட்டு சைஸுக்குக் குறைச்சிடவா?"

"மூஞ்சி தான் அண்ணி முக்கியமே! இன்னிக்குக் கடைசிக் கோட்டை. என்னால தனியா தாண்ட முடியாதுன்னு சவால் விட்டிருக்கானுங்க. ரெண்டாயிரம் பேரு காத்துக்கிட்டு இருக்கான். நான் தாண்டுறப்ப என் மூஞ்சி கால்வாசி ஸ்கிரீனுக்குத் தெரியணும். இதுல சொதப்புனா ஒத்தப்புலிங்கிற பேரே போச்சு."

"அப்போ மூக்குக் கண்ணாடியாவது கழட்டிட்டு விளையாடேன். லட்சணமா இருப்ப."

"கழட்டினா புலிக்கு எதிர்ல யானை நின்னாலும் தெரியாது."

அண்ணி சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்பு அவனுக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு.

"எனக்குப் புரியுது அண்ணி. நான் பெரிய ஆளாயிட்டா உங்களுக்குப் பொறுக்காது."

கத்தி நின்னுச்சு. அண்ணி கையத் தொடைச்சுக்கிட்டு நேரா கம்ப்யூட்டர் முன்னாடி போனா.

"இங்க நானூத்தி எம்பதுன்னு இருக்குல்ல? அத மாத்தி, நீ எடுக்குற சைஸையே வச்சுக்கோ. இனிமே நீயே ஏத்திக்கோப்பா."

அவ்வளவு தான். மறுபடி வெங்காயத்துக்கே போயிட்டா.

சாயங்காலம் புலி கதவச் சாத்துனான். மணி பாக்கணும்னு செல்போன கீபோர்டுக்கு முன்னாடி சாய்ச்சு வச்சுக்கிட்டான். ரெண்டு மணி நேரம் உறுமுனான். கோட்டை விழுந்துச்சு! வீடியோவச் சுருக்காம கொள்ளாம முழு சைஸ்ல ஏத்துனான். படம்னா படம், அப்படி ஒரு படம். மூக்கு மேல இருந்த பருவுக்கே தனி ரசிகர் மன்றம் வைக்கலாம்.

மறுநாள் காலையில அண்ணி வேலைக்குக் கிளம்புற நேரம். புலி, எலி மாதிரி வந்து செல்போன நீட்டுச்சு.

எல்லாத்துக்கும் மேல ஒரு கமெண்ட். அதுக்கு மட்டும் ஆயிரம் லைக்.

'அண்ணே, இன்னிக்குப் படம் சூப்பர். நிறுத்தி வச்சுப் பெருசாக்கிப் பாத்தோம். உங்க மூக்குக் கண்ணாடியில இன்னொரு வீடியோ ஓடுது. அதுல ஒருத்தரு இதே கோட்டைய உங்களுக்கு முன்னாடியே தாண்டுறாரு. அவரு சேனல் பேரச் சொல்லுங்க, லைக்க அவருக்கே போட்டுக்கிறோம்.'

புலி கண்ணாடியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டான்.

"அண்ணி... நான் போன்ல பாத்துப் பாத்து ஆடுறது... உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மொத வீடியோவுலேர்ந்து." அண்ணி குனிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டா. "எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு தான்பா நானூத்தி எம்பதுல ஏத்திக்கிட்டு இருந்தேன்."