கைக்கு அடங்காதது

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அவள் செல்போனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மேடம், முகமெல்லாம் சிவந்து கிடக்கு?” என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

“பொழுதுபோக்கா மரவேலை பண்றவங்க குரூப் ஒண்ணுல இருக்கேன். அங்க என் பேரு ‘மரங்கொத்தி’. நான் செஞ்ச அலமாரியைப் பார்த்துட்டு, ‘அண்ணே, பின்னிட்டீங்க’ன்னு தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. நேத்து ஒருத்தர் சந்தேகத்துக்கு வாய்ஸ்ல பதில் சொன்னேன். பொம்பளைக் குரல்னு தெரிஞ்சதுதான் தாமதம், ‘நீங்க’ எல்லாம் ‘நீ’ ஆயிடுச்சு!”

“அப்படி என்னதான் சொன்னாங்க?”

“‘புருஷன் செஞ்சதை உன்னுதுன்னு போடுறியா? ட்ரில் மெஷின் எல்லாம் பொம்பளைக் கைக்கு அடங்காது, போய்க் கரண்டியைப் பிடி’ன்னு இதோ, போட்டோவுல இருக்கிற இந்த மீசைக்காரர் எழுதியிருக்கார். அதுக்கு மொத்தக் குரூப்பும் கெக்கேபிக்கேன்னு சிரிக்குது. பத்திக்கிட்டு வருது எனக்கு!”

படத்தை எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ மேடம், இந்த மீசை வெளியிலதான் உட்கார்ந்திருக்கு. அடுத்த ஆளே இவர்தான்!”

உள்ளே வந்தவர் கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

“பல்லு வலி உயிர் போகுது, டாக்டர்.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஊசி போட்டாள். ஈறு நன்றாக மரத்துப்போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு விளக்கை அவர் முகத்துக்கு நேரே இழுத்து, ட்ரில்லை ஓடவிட்டாள்.

“சொத்தையைக் குடையணும். நல்லா ஆ காட்டுங்க, அண்ணே. பயமே வேண்டாம், மரங்கொத்தி கைக்கு இது நல்லாவே அடங்கும்.”