கூட வந்த வாய்

"இன்னும் எறங்கித்தான் இருக்கு, ஏத்துங்க!"

"முப்பது வருசமா இந்த வேல பாக்குறேன். வாய மூடு லா!"

"மூடுறேன், மூடுறேன்... ஐயோ, ஏறிப்போச்சு, எறக்குங்க!"

ஒருவர் முடிக்குமுன் மற்றவர் கத்தினார். பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு முருகையா சுருதி சேர்க்க ஒரே கட்டையைத் தட்டித் தட்டிக் கம்பியை முறுக்கினார். அவர் மனைவி வள்ளிநாயகி டார்ச் லைட்டோடு எதிரே நின்று நச்சரித்தாள். அவர் அவள் முகத்தை முறைத்துக்கொண்டே முறுக்கினார்.

வீட்டுக்காரி தனலெட்சுமிக்குத் தலை வெடித்தது. மகள் நிவேதிதா வாசிப்பதை வீடியோ எடுத்து நாளை மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அதுதான் பரீட்சை. லோபாக்கிலிருந்து இந்த எஸ்டேட்டு வரைக்கும் வரச் சம்மதித்தது இவர்கள் மட்டும்தான்.

"தேத்தண்ணியா, கோப்பியா அண்ணே?" அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை கேட்டாள். அவர் திரும்பவே இல்லை. வேலையில் இவ்வளவு கவனமான மனுசனை இந்தம்மா இப்படிப் பாடாய்ப் படுத்துகிறாளே!

"அக்கா, நீங்க குசினிக்கு வாங்க. அண்ணன் நிம்மதியா பாக்கட்டும்."

"இல்லம்மா, நான் லைட்டு புடிக்கணும்."

"பட்டப்பகல்ல என்னக்கா லைட்டு?"

டார்ச்சைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. வள்ளிநாயகி தொடவில்லை. கூடத்தில் அதே கட்டை, டங், டங். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறியது.

அவள் எழுந்தாள். தனலெட்சுமி தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"அஞ்சு நிமிசம் பேசாம இருந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

"கம்பி அறுந்துரும்மா!"

"அது அவருக்குத் தெரியாதா? உங்க வாய்க்குப் பயந்தே பாதி வேல கெட்டுப்போவும் போல."

டங். டங். இப்போது அது கீச்சிட்டது. சங்கீதமே தெரியாத தனலெட்சுமிக்குக்கூடப் பல் கூசியது. கூடத்தில் முருகையா நிறுத்தவில்லை.

வள்ளிநாயகி அவள் கையை உதறிவிட்டுக் கதவைத் திறந்தாள். வாசற்படியில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா. அவருக்குக் காது கேக்காமப் போயி ஆறு மாசமாச்சு."