புது இடுப்பின் முதல் ரெய்டு

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து மறுபடி கபடிக் களத்தில் இறங்கினேன். "உங்க பழைய ஆட்டத்தை அப்படியே திருப்பித் தரும்" என்று சொல்லித்தான் கணினிச் சில்லு வைத்த அந்தப் புது இடுப்பு மூட்டைப் பொருத்தியிருந்தார்கள். பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினேன். எதிரணியில் ஒருவன் ஓரடி முன்னால் வந்ததுதான் தாமதம், இடுப்பு தானாகத் திரும்பி, யாரையும் தொடாமல் என்னை எங்கள் பக்கமே கொண்டுவந்து சேர்த்தது. கூட்டம் சிரித்தது.

பிசியோ மலர்விழியிடம் எகிறினேன். "கழட்டுங்க மேடம் இத! சரியான பயந்தாங்கொள்ளி இடுப்பு."

அவர் திரையைப் பார்த்தார். "மூட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. உங்க பழைய மேட்ச் வீடியோ எல்லாத்தையும் பாத்துத்தான் அது ஆடவே கத்துக்கிச்சு."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"யார் கேட்டாலும் இடுப்புலதான் கோளாறுன்னு சொல்லிடுங்க மேடம். பத்து வருஷமா நானும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."