பேட்டரித் திருடன்

“திருடன் உள்ளேதான் இருக்கான் மாமா. ராத்திரி பகல்னு பார்க்காம உறிஞ்சுறான்” என்றபடி மெக்கானிக் கேரவனுக்குள் மண்டியிட்டான்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயய்யோ, எங்கேடா?” என்று கையிலிருந்த கரண்டியோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“கரண்ட் திருடன்க்கா. எல்லா ஸ்விட்சும் ஆஃப்ல இருக்கு. அப்பவும் மீட்டர் ஓடுது பாரு.”

ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கியவர் மாமா. அதில் இரண்டு பேட்டரி. ஒன்று வண்டியை ஓட்ட, மற்றது வீட்டை ஓட்ட. விளக்கு, தண்ணீர் மோட்டார், கேஸ் ஹீட்டரின் காற்றாடி எல்லாம் இரண்டாவதன் தயவில்தான். பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் அதன் ஆயுசு போய்விடும் என்று எவனோ சொல்லிவைக்க, அன்றிலிருந்து மனுஷர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட வோல்ட் மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம்.

“உங்க மாமா என்னை இருட்டுலயே சமைக்க வைக்கிறார்டா. நேத்து காபியில உப்பைப் போட்டுட்டேன்.”

“குடிச்சது யாரு? நான்தானே!” என்ற மாமா, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சோலார் ஏத்துறதெல்லாம் இறங்கிடுது மாப்ளே. மலை மேல போய் நிக்கிறப்போ இது படுத்துச்சுன்னா ஹீட்டர் ஓடாது. உங்கக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. குளிர் தாங்க மாட்டா.”

மெக்கானிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தாய்க்குத் தாயாய் இருந்து வளர்த்தவள் அக்கா. அவனோ இருபது வருஷமாக லாரி பேட்டரி மட்டுமே பார்த்தவன். கேரவன் இதுதான் முதல்.

லாரியானால் என்ன, கேரவனானால் என்ன, திருட்டுக் கரண்டைப் பிடிக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டர் பூஜ்யத்துக்கு விழுகிறதோ, அதுதான் திருடன்.

ஏழாவது ஃப்யூஸில் விழுந்தது. அந்த இடத்தில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது.

“மாட்டினான்!” மாமா தொடையைத் தட்டினார்.

“அது எதுக்குள்ளதுடா?” என்றாள் அக்கா. “கட்டில் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரிஞ்சுட்டே இருக்கும். இப்ப அணைஞ்சு போச்சு பாரு.”

மெக்கானிக் ஸ்விட்சுகளைத் தட்டிப் பார்த்தான். “விளக்கு எரியுது, தண்ணி வருது, ஹீட்டர் ஓடுது. அது சும்மா அழகுக்கு வச்சதா இருக்கும்க்கா.”

“ராத்திரி எழுந்திரிச்சா எனக்கு அதுதான்டா துணை.”

“ஒரு புள்ளிக்காகப் பேட்டரியைச் சாகடிக்கச் சொல்றியா?” என்று மாமா ஒரு அதட்டல் போட்டார். ஃப்யூஸ் மெக்கானிக்கின் கருவிப் பைக்குள் போனது.

மலைக்குப் போனபின் மாமா தினமும் காலையில் போன் செய்தார். “பன்னெண்டு புள்ளி ஏழு மாப்ளே! இறங்கவே மாட்டேங்குது!” பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்லும் அப்பனுக்குக்கூட அத்தனை பெருமை இருக்காது.

ஆறாம் நாள் போன் வரவில்லை. மதியம் மாமாவின் நம்பரிலிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஸ்ட்ரெச்சர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் போர்வைக்கு வெளியே அக்காவின் கால் தெரிந்தது. குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டிருந்தாள்.

அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் பார்த்த பேட்டரி படுத்துவிட்டது. ஹீட்டர் நின்றுவிட்டது. விறைத்தே செத்திருக்கிறார்கள். பாவி, நானே கொன்றுவிட்டேன்!

தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்தான். மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு. நம்ப முடியாமல் மறுபடி வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஆறு.

“குளிர்ல போகலைங்க” என்றார் பின்னாலேயே ஏறிவந்த தீயணைப்பு அதிகாரி. “ஹீட்டர் நல்லாத்தான் ஓடியிருக்கு. நாங்க வந்துதான் அணைச்சோம். ராத்திரி அடிச்ச காத்துல கொட்டின பனி குவிஞ்சு, வெளியே ஹீட்டரோட புகைக்குழாய் வாயை மூடிடுச்சு. விஷப்புகை உள்ளேயே சுத்தியிருக்கு. தூக்கத்துலயே முடிஞ்சிருச்சு.”

“அப்போ... பேட்டரி?”

“அது மேல ஒரு குத்தமும் இல்ல.”

மெக்கானிக் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அக்கா போய்விட்டாள். ஆனால் தன் கையால் போகவில்லை. அந்த நினைப்பில் வந்த ஆறுதல் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அதிகாரி அவன் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். பிறகு ஏதோ உறுத்த, கட்டிலை ஒட்டிய சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியை விரலால் தட்டினார். மறுபடி தட்டினார்.

“பேட்டரியில இவ்வளவு சார்ஜ் இருக்கே... அப்புறம் ஏங்க இந்த விஷப்புகை அலாரம் மட்டும் செத்துக் கிடக்கு?”