ஐந்தாவது விநாடி

கூடைப்பந்து இறுதிப் போட்டி முடியப் போகும் நேரத்தில் ஜெனிட்டன் தானாகத்தான் கால் இடறி விழுந்தான். நடுவர் விசில் ஊதி, எதிரணியின் ஃபவுல் என்றார். ஸ்கோர் சமம். இந்த ஒரு ஃப்ரீ த்ரோ கூடையில் விழுந்தால் கோப்பை.

"போட்டுத் தொலைடா, ஏன்டா நிக்கிற?" கேப்டன் பல்லைக் கடித்தான்.

பந்தை வாங்கி ஐந்து விநாடிக்குள் எறியாவிட்டால் வாய்ப்பு போய்விடும். ஜெனிட்டன் எறியாமல் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான். நடுவர் கையை வீசி வீசி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"என் கை படவே இல்ல சார். உங்களுக்கே தெரியும்," என்று நடுவரிடம் சொன்னான், ஃபவுல் சுமத்தப்பட்ட எதிரணிக்காரன்.

நான்கு. ஜெனிட்டன் நிமிர்ந்து நடுவரைப் பார்த்தான். அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீசிய கை நான்கிலேயே நின்றுவிட்டது.

பந்து இன்னும் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறது.