இரைச்சல் நீக்கி

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து மறுபடியும் முறைத்தது. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லையாம். அது வராமல் ஒலி திருத்தும் மென்பொருளின் புது வெர்ஷனை உள்ளே விடாதாம்.

மணிமேகலை கம்ப்யூட்டரைத் திட்டினாள். அதற்குக் காது கிடையாது என்ற தைரியத்தில் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினாள்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடியில் அவளுடைய ரெக்கார்டிங் ரூம். சுவரெல்லாம் பழைய மெத்தை. கோலமாவு வண்டி, பழைய இரும்பு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் என்று அவள் குரல் இந்த வட்டாரத்துத் தெருக்களில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். காசு கேட்காது, அடம் பிடிக்காது. என்ன, புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமென்றால் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்று அது கேட்டதையெல்லாம் கொடுத்தாள். காரணம், பஸ் ஹாரன்.

காலையில் அவள் ஊர்ப் பெண்கள் வந்து முளைப்பாரிப் பாட்டைப் பாடிப் பதிந்துவிட்டுப் போயிருந்தார்கள். தலையில் பாரியைச் சுமந்துகொண்டு ஊர் முழுக்கப் பாட மூச்சுப் பத்தாது. அதனால் இந்த வருடம் பாட்டை ரேடியோ செட் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் போடுவதாக ஏற்பாடு.

பாட்டு அருமையாக வந்திருந்தது. பட்டுக்கோட்டை பஸ்காரர் மட்டும் அடிக்கு அடி பின்பாட்டுப் பாடியிருந்தார்.

பழைய வெர்ஷனால் அந்த ஹாரனை அசைக்கக்கூட முடியவில்லை. புதியது எந்த இரைச்சலையும் தானே கண்டுபிடித்துத் துடைத்துவிடும் என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

கடைசியில் மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான் செட்டோடு ஒரே மூட்டையாக இறக்குகிற வழி அகப்பட்டது. இறங்கியது. திறந்தது. மணிமேகலை நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஒரே ஒரு பொத்தான். ஹாரன் போன இடம் தெரியவில்லை.

நினைத்தபோது கரண்ட் போகிற ஊரில் வேலை பழகியவள். கை தன்பாட்டுக்குப் போய் சேவ் செய்துவிட்டது. புது வெர்ஷன் தன்னை ஒரு முறை மூடித் திறக்கச் சொன்னது. மூடித் திறந்தாள்.

அப்புறம்தான் முழுப் பாட்டையும் போட்டுக் கேட்டாள்.

ஹாரனோடு குலவையும் போயிருந்தது.

ஒவ்வொரு அடியின் முடிவிலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பிய குலவை இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. நீளமாக, கூர்மையாக, காதைத் துளைக்கிற மாதிரி வந்தால் அது இரைச்சல் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியிருக்கிறது. அதைக் கோபித்தும் பயனில்லை. எழுதியவர்கள் ஊரில் எந்த அம்மனுக்கும் யாரும் குலவை போட்டிருக்க மாட்டார்கள்.

அழித்ததை மீட்கும் வழியும் மூடித் திறந்ததில் அடைபட்டுப் போயிருந்தது. வேறு பிரதி கிடையாது.

குலவை இல்லாத முளைப்பாரிப் பாட்டை ஊருக்குள் போட்டால் அம்மன் கோபிப்பது இருக்கட்டும், பெண்கள் தோலை உரித்துவிடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. இந்நேரம் பாரிக்குப் பூச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் ஊர்வலம். பென் டிரைவை வாங்கிப்போக, ஊரில் முளைப்பாரியை முன்னின்று நடத்தும் சொர்ணம் அக்கா டவுன் பஸ் ஏறிவிட்டதாக போன் வேறு வந்துவிட்டது.

இணையத்தில் தேடினாள். கிடைத்த குலவையெல்லாம் கொட்டுச் சத்தத்தோடு பின்னிக்கிடந்தது.

மணிமேகலை மின்விசிறியை நிறுத்தினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மைக்கின் முன் போய் நின்றாள்.

முதல் குலவை இருமல் மாதிரி வந்தது.

அடுத்ததில் நாக்குக்கு வழி தெரிந்துவிட்டது. அதற்கடுத்தது கணீரென்று எழும்பியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நிறுத்த மனசே வரவில்லை. தேவைக்கு மேலேயே போட்டாள்.

பிறகு உட்கார்ந்து ஒன்றைப் பலவாக்கினாள். ஒன்றின் சுருதியை ஏற்றினாள், ஒன்றை இறக்கினாள், ஒன்றைக் கொஞ்சம் பிந்தி வரவிட்டாள். அவள் ஒருத்தியின் குரல் ஒரு தெருப் பெண்களின் குரலாக ஆயிற்று. இந்த வேலையில் மட்டும் புது வெர்ஷனைக் குறை சொல்ல முடியாது.

சொர்ணம் அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். மணிமேகலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருடி இவ, நடுவுல நின்னு இப்புடிக் கொலவ போடுறவ? மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. சாயங்காலம் அவளத்தான் மொத ஆளா நிறுத்தணும்."

கும்பலில் யாரென்று தெரியவில்லை என்று மழுப்பிவிட்டு, மணிமேகலை பென் டிரைவைக் கழற்றி அவள் கையில் வைத்தாள்.

சொர்ணம் அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, மணிமேகலையின் கன்னத்தை வாஞ்சையாகத் தடவினாள்.

"நீ இங்கிட்டே இருத்தா. எப்பவும் போலத் துன்னூறு குடுத்து விடுறேன்."

கணவன் இறந்ததிலிருந்து முளைப்பாரி அன்றைக்கு மணிமேகலை கோயில் பக்கம் போவதில்லை. குலவை போடுவதுமில்லை. கூடாதென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் அன்போடு திருநீறு மட்டும் வந்து சேரும்.

சரிக்கா என்று தலையாட்டினாள். இந்த வருடம் அது அவ்வளவாக வலிக்கவில்லை.

ஊர்வலத்தில் பாரிகளுக்கு முன்னால், ஊருக்கே முன்னால், ரேடியோ செட் வண்டிதான் போகும்.